தனுஷ்கோடி மணல் முடிவிலி அல்ல

‘மெய்யெண்களை எண்ணிவிட்டேன், கேன்டர் சொன்னது தவறு’ என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிய நோட்டு இன்னொன்று என்னிடம் வந்திருக்கிறது. மெய்யெண்கள் என்றால் எண்கோட்டில் உள்ள எல்லா எண்களும்; அவற்றை 1, 2, 3 என்று வரிசையிட்டு ஒரே பட்டியலில் அடக்கவே முடியாது என்பது ஜெர்மானியக் கணிதர் கேன்டர் காட்டியது. தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தக் கரையில் கணிதப் பித்துப் பிடித்த பிள்ளைகள் இருப்பது சந்தோஷம்தான். ஆனால் நாலு பக்கமோ நாற்பது பக்கமோ, எல்லா நோட்டிலும் அதே பிழை, அதே இடத்தில். பிள்ளைகள் மேல் குறையில்லை. பத்து நிமிடக் காணொளியில் முடிவிலியை முடித்துக்கொடுப்பவர்களும், டியூஷனில் ‘1/0 = ∞, எழுதிக்கோ’ என்பவர்களும் விதைத்ததுதான் இங்கே வந்து முளைக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால், எல்லாருக்குமாக ஒன்று.

முதலில் மணலை முடித்துவிடுவோம். ‘தனுஷ்கோடி மணலை எண்ண முடியுமா? முடிவிலி அப்படித்தான்’ என்பது இந்தப் பக்கத்தில் சொல்லித்தரப்படும் முதல் உவமை. முதல் தவறும் அதுதான். மணல்திட்டு 20 கி.மீ. நீளம், 500 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோடி கன மீட்டர். ஒரு மணி அரை மில்லிமீட்டர் என்றால் ஒரு கன மில்லிமீட்டருக்கு 8 மணி, ஒரு கன மீட்டருக்கு 800 கோடி. பெருக்கினால் 8-க்குப் பின் 17 சுழியம், அதாவது எட்டாயிரம் கோடி கோடி. பதினெட்டே இலக்கம், பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் 10-இன் அடுக்கு 63-ஐத் தாண்டாது என்று ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். மிகப் பெரியது என்பது வேறு, முடிவுறாதது என்பது வேறு. பெரிய எண்ணை ஊதி ஊதிப் பெருக்கினால் முடிவிலி வந்துவிடாது.

முடிவுறாக் கணத்தின் அடையாளம் அதன் அளவில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. தன்னில் ஒரு பகுதியோடேயே ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர முடிந்தால் அது முடிவுறாக் கணம். 1, 2, 3, 4 என்ற வரிசையை 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களோடு ஒன்றுகூட மிஞ்சாமல் ஜோடி சேர்க்கலாம். கலிலியோ 1638-இல் இதை எழுதிவிட்டு, அப்படியானால் பெரிது, சிறிது, சமம் என்ற சொற்களே இங்கே செல்லாது என்று ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்காமல், அதையே வரையறையாக எடுத்துக்கொண்டவர் ஜெர்மானியக் கணிதர் டெடிகின்ட். மணலை இப்படி ஜோடி சேர்த்துப் பாருங்கள்; ஒரு மணியை எடுத்தாலே கணக்கு இடிக்கும்.

இனி நோட்டுக்கு வருவோம். பிள்ளைகள் போடும் பட்டியல் இது: இயல் எண்ணைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி, முன்னால் புள்ளி வை. 1 என்றால் 0.1, 2 என்றால் 0.2, 10 என்றால் 0.01, 52 என்றால் 0.25, 521 என்றால் 0.125. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நீங்கள் எந்தத் தசமத்தைச் சொன்னாலும் அது எத்தனையாவது வரிசை என்று உடனே சொல்லிவிடலாமாம். 0.07 எங்கே? எழுபதாவது. சபாஷ். 1/3 எங்கே?

இங்கேதான் எல்லா நோட்டும் தரைதட்டுகிறது. 0.3 மூன்றாவது வரிசை, 0.33 முப்பத்து மூன்றாவது, 0.333 முந்நூற்று முப்பத்து மூன்றாவது. ‘இப்படியே போய்க்கொண்டிருந்தால் 1/3 வந்துவிடும்’ என்கிறார்கள். வராது. பட்டியலில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு வரிசை எண் இருக்க வேண்டும். அந்த வரிசை எண் ஓர் இயல் எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் இலக்கங்கள் முடிந்தாக வேண்டும். இடப்பக்கம் முடிவே இல்லாமல் நீளும் …333 என்பது எத்தனையாவது வரிசையும் இல்லை. (தொழில்காரர்களுக்கு மட்டும்: பத்தடி (10-adic) எண்களில் அதற்குப் பொருள் உண்டு, அங்கே அது −1/3. அதை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது.) நெருங்கிக்கொண்டே போவது வேறு, போய்ச் சேர்ந்து பட்டியலில் உட்காருவது வேறு. அந்தப் பட்டியல் பிடிப்பதெல்லாம் முடிவுறு தசமங்களை மட்டுமே. வலைக்கண்ணை எவ்வளவு சிறிதாக்கிக்கொண்டே போனாலும் ஒவ்வொரு கண்ணிலும் 1/3 நழுவுகிறது. விகிதமுறா எண்கள்வரை போகவே வேண்டாம், விகிதமுறு எண்களிலேயே பெரும்பாலானவை அந்த வலையில் இல்லை.

நம்பிக்கை வராவிட்டால் கேன்டரின் 1891-ஆம் ஆண்டு மூலைவிட்ட வாதத்தை அந்தப் பட்டியலிலேயே ஓட்டிப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கம், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கம் என்று குறுக்கே இறங்குங்கள். 1, 0, 0, 0, … என்று வரும். விதி இதுதான்: அங்கே 4 இருந்தால் 5 எழுது, வேறு எது இருந்தாலும் 4 எழுது. கிடைப்பது 0.4444…, அதாவது 4/9. பட்டியலில் உள்ள எந்த எண்ணோடும் இது குறைந்தது ஓர் இலக்கத்திலாவது வேறுபடும். ‘சரி, 4/9-ஐத் தலையில் சேர்த்துக்கொள்கிறேன்’ என்பது அடுத்த பதில். சேருங்கள். மறுபடி குறுக்கே இறங்கினால் 0.5444…, அதாவது 49/90. அதையும் சேர்த்தால் இன்னொன்று. ஓட்டையை அடைக்க அடைக்கப் புது ஓட்டை விழுகிறது என்றால் குறை அடைப்பவரிடம் இல்லை, படகு அப்படி.

4, 5 என்று ஏன் எடுத்தோம் என்று கேட்பவர் சிலரே, கேட்டால் பாராட்டுவேன். 0.4999…, 0.5 இரண்டும் ஒரே எண். 0-வையும் 9-ஐயும் மாற்று இலக்கமாகப் போட்டால், எழுத்தில் வேறுபட்டாலும் மதிப்பில் சமமாகிவிடும் ஆபத்து உண்டு. பாதிப் பாடநூல் உரைகளில் ‘ஒவ்வோர் இலக்கத்தோடும் 1 கூட்டு’ என்று போட்டுவிட்டு இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னொரு வகை நோட்டு கொஞ்சம் சாமர்த்தியமானது. ‘விகிதமுறு எண்களை எண்ண முடியும் என்கிறீர்கள். அந்தப் பட்டியலிலும் மூலைவிட்டத்தை ஓட்டினால் பட்டியலில் இல்லாத எண் வருகிறதே, முரண்பாடுதானே?’ இல்லை. வருகிற எண் விகிதமுறா எண், அவ்வளவுதான். விகிதமுறு எண்களின் பட்டியலில் விகிதமுறா எண் இல்லாததில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதுவரை சொன்னது மாணவர்களுக்கு. ஆசிரியர்களும் செய்யும் பெரிய தவறு, எண்கோடு என்பது புள்ளிகளை நெருக்கி அடுக்கிய மணல்மேடு என்று பாடம் நடத்துவது. தொடர்மம், அதாவது இடைவெளியே இல்லாத அந்த எண்கோடு, கடற்கரையில் கிடந்து பொறுக்கி எடுத்த பொருள் இல்லை. நாம் போட்ட விதிகளால் கட்டியது.

கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 906.9 கி.மீ. என்று பல ஆண்டுகளாகப் படித்து வந்தோம். அண்மை மறு அளவீட்டில் அது 1,068.69 கி.மீ. ஆகிவிட்டது. இந்தியாவுக்கு 7,516.6 போய் 11,098.81 வந்திருக்கிறது. கடல் பின்வாங்கியதால் இல்லை. நுணுக்கமான வரைபடத்தில் அளந்தார்கள், பழைய அளவீட்டில் நேர்கோடாய்ப் போன இடங்களில் இப்போது வளைவும் கழிமுகமும் தெரிகின்றன. அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் கூடும் என்பதை ரிச்சர்ட்சன் கவனித்தார், மாண்டல்பிராட் 1967-இல் அதைக் கணிதமாக்கினார். ‘அப்படியானால் நம் கரையின் நீளம் முடிவிலியா?’ என்று துள்ள வேண்டாம். அளவுகோல் மணல்மணியைவிடச் சிறிதாகிவிட்டால் எது கரை, எது கடல் என்பதற்கே பொருள் போய்விடும். அலைக்கு அலை கோடு நகர்கிறது. முடிவிலி நீளம் நாம் தாளில் வரைந்த வளைகோட்டுக்கு வரலாம். மண்டபத்துக் கரைக்கு வராது. எந்தக் கோலால் அளந்தது என்று சொல்லாமல் கரையின் நீளத்தைச் சொல்வதும், எந்த எடுகோள்களின் (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதிகளின்) கீழ் என்று சொல்லாமல் எண்கோட்டில் எத்தனை புள்ளி என்று சொல்வதும் ஒரே வகை அரைகுறைப் பேச்சு.

அந்த ‘எத்தனை’க்கு ஒரு வரலாறே உண்டு. இயல் எண்களைவிட மெய்யெண்கள் அதிகம் என்று கேன்டர் 1874-இல் காட்டினார். இரண்டுக்கும் நடுவே வேறு அளவு எதுவும் இல்லை என்று 1878-இல் ஊகித்தார். அதுதான் தொடர்மக் கருதுகோள். 1900-இல் பாரிஸில் ஹில்பர்ட் வைத்த கேள்விகளில் முதலாவது இது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஸெர்மெலோ–ஃபிராங்கெல் எடுகோள்களை (எத்தனை கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுக்கலாம் என்ற தேர்வு எடுகோளும் சேர்த்து) வைத்துக்கொண்டு இதைத் தவறென்று காட்ட முடியாது என்று 1938-இல் கோடல் அறிவித்தார். சரியென்றும் காட்ட முடியாது என்று 1963-இல் பால் கோஹென் நிறுவினார். அந்த எடுகோள்கள் தமக்குள் முரண்படாதவரை இரண்டும் செல்லும்.

இதற்குப் பெயர் ‘இன்னும் தீர்க்கப்படாத புதிர்’ இல்லை. தீர்த்தாகிவிட்டது, அந்த எடுகோள்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதே தீர்ப்பு. முடிவிலிகளின் அளவை ஏணிப்படியாக அடுக்கினால் இயல் எண்களின் அளவு ஆலெஃப்-0, அடுத்த படி ஆலெஃப்-1, அதற்கடுத்தது ஆலெஃப்-2. தொடர்மத்தின் அளவு ஆலெஃப்-1 ஆகலாம், ஆலெஃப்-2 ஆகலாம், ஆலெஃப்-17-கூட ஆகலாம். ஆனால் கண்டபடி ஆகிவிடாது: எண்ணிட்ட அந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் அடுத்து வரும் ஆலெஃப்-ஒமேகா ஆகவே முடியாது. ஆகவே ‘கருதுகோளை நிரூபித்துவிட்டேன்’ என்று வருபவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: புதிதாக எந்த எடுகோளைச் சேர்த்தாய்? பதில் ‘எதையும் சேர்க்கவில்லை’ என்றால் நோட்டைத் திறக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் முடிவிலியைச் சந்தேகிப்பதே தப்பா? இல்லவே இல்லை. பெரிய கைகள் சந்தேகித்திருக்கின்றன. முழுசாக முடிந்து நிற்கும் முடிவிலியை டச்சுக் கணிதர் ப்ரவர் ஏற்கவில்லை. ஹெர்மன் வைல் 1918-இல் தொடர்மத்தை வேறு அடித்தளத்தில் கட்டிப் பார்த்தார். கணிப்பொறிக்கு நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் எளிதாகப் புரியும். எந்த நிரலும் முடிவுறு எழுத்துக்களின் கோவை. ஆகவே நிரல்களைப் பட்டியல் போடலாம். ஆகவே நிரலால் இலக்கம் இலக்கமாகத் தர முடிகிற மெய்யெண்கள் (டூரிங் 1936-இல் வரையறுத்தவை) எண்ணத்தக்கவை, அதாவது பட்டியலிடத்தக்கவை. மிச்சமுள்ள, எண்ணத்தகாத அவ்வளவு எண்களையும் எந்த நிரலும் தராது. அவை ‘இருக்கின்றன’ என்றால் என்ன பொருள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆனால் சந்தேகத்துக்கு விலை உண்டு, அதைக் கட்ட வேண்டும். கட்டிக் காட்ட முடிந்தது மட்டுமே உண்டு என்று 1967-இல் அமெரிக்கக் கணிதர் எரெட் பிஷப் பகுப்பாய்வின் (நுண்கணிதத்துக்கு அடித்தளமான கணிதத்தின்) பெரும்பகுதியைத் திரும்ப எழுதினார். அதில் ‘ஒன்று இது உண்மை, இல்லையேல் இதன் மறுப்பு உண்மை’ என்று சும்மா சொல்ல அனுமதி இல்லை. குறையிலிருந்து மிகைக்குப் போகும் தொடர்ச்சியான சார்பு நடுவே எங்கோ பூச்சியத்தைத் தொடும் என்ற நம் இடைமதிப்புத் தேற்றம் அங்கே இளைத்துவிடுகிறது. எவ்வளவு சிறிய பிழை கேட்டாலும் அந்தப் பிழைக்குள் பூச்சியத்தை நெருங்கும் இடம் காட்டலாம். பூச்சியமே ஆகும் இடத்தைப் பொதுவாகக் காட்ட முடியாது. பாதை மாறியவர்கள் கவனிக்க: மெய்யெண்களைப் பட்டியலிட முடியாது என்பது பிஷப்பிடமும் தேற்றம்தான். அங்கே ஓடிப் போனாலும் நோட்டு பிழைக்காது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024-இல் பாவர், ஹான்சன் என்ற இரு கணிதர்கள் ஒரு கணித உலகத்தைக் கட்டிக் காட்டினார்கள். அங்கே டெடிகின்ட் முறை மெய்யெண்கள் (விகிதமுறு எண்களை இரண்டாக வெட்டி, வெட்டும் இடத்தையே எண்ணாகக் கொள்பவை) எண்ணத்தக்கவை! அதற்கு ‘ஒன்று இது, இல்லையேல் அதன் மறுப்பு’ விதியையும் விட்டார்கள், எண்ணத்தக்க தேர்வு எடுகோளையும் (பட்டியலிடத்தக்க கணங்களுக்கு மட்டுமான தேர்வு எடுகோளையும்) விட்டார்கள். எதை விட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அதன்பின் என்ன மிஞ்சும் என்று கணக்குக் காட்டினார்கள். கேன்டரைத் திருத்த ஆசைப்படுபவர் படிக்க வேண்டியது இதை. இலக்கத்தைத் திருப்பிப் போடும் வித்தையை இல்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் 1+2+3+… = −1/12 என்று அனுப்பி, ராமானுஜன் நிரூபித்தார் என்று போடாதீர்கள். 1913-இல் ஹார்டிக்கு எழுதியபோது அவரே ‘என் கோட்பாட்டின்படி’ என்று சொல்லித்தான் எழுதினார். வழக்கமான கூட்டலில் அந்தத் தொடர் விரிந்துகொண்டே போகும். அந்த இரண்டு சொல்லை வெட்டி அனுப்புவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. முடிவிலியில் முடிவிலியைக் கழித்தால் முடிவிலி என்று ‘பூர்ணமதஃ’ ஸ்லோகத்தைக் காட்டிக் கணிதம் பேசாதீர்கள். இயல் எண்களில் இரட்டைப்படைகளை நீக்கினால் முடிவுறாமல் மிஞ்சும், 3-க்கு மேற்பட்ட எல்லாவற்றையும் நீக்கினால் மூன்றே மிஞ்சும். இரண்டிலும் முடிவிலியைத்தான் கழித்தோம். ஸ்லோகம் தன் இடத்தில் இருக்கட்டும். ஆசிரியப் பெருமக்களே, கரும்பலகையில் 1/0 = ∞ எழுதும் கையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். வலப்பக்கமிருந்து 0-வை நெருங்கினால் 1/x மேலே ஏறுகிறது, இடப்பக்கமிருந்து நெருங்கினால் கீழே இறங்குகிறது, 0-இல் மதிப்பே இல்லை. இரண்டு அம்புக்குறி போட அரை நிமிடம் ஆகும்.

பிள்ளைகளே, நோட்டு எழுதுவதை நிறுத்த வேண்டாம். கொண்டு வரும் முன் உங்கள் பட்டியலில் 1/3-க்கும் 4/9-க்கும் √2 − 1-க்கும் வரிசை எண் என்ன என்று பாருங்கள். மூன்றையும் இலக்கத்தில் எழுதி அட்டையிலேயே ஒட்டிவிடுங்கள்; மூன்றும் இருக்கிற நோட்டை அன்றைக்கே உட்கார்ந்து படிக்கிறேன்.