அறுபத்து நான்கு துடிப்பு

160 கிலோமீட்டரை முதலாவதாக ஓடி முடித்த குதிரை கோப்பை இல்லாமல் வீடு திரும்புவது எண்டூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரையோட்டத்தில் புதிதல்ல. கோட்டைத் தாண்டிய பிறகும் கால்நடை மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடியை எண்ணி, கொஞ்ச தூரம் ஓடவிட்டு, உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினால், விடிகாலையில் இருந்து ஓடியதெல்லாம் வீண்.

இந்த விளையாட்டின் இன்றைய வடிவம் 1955-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. வெண்டெல் ரோபி என்பவரும் நண்பர்கள் சிலரும் சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் நகருக்கு ஒரே நாளில் 100 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அதுதான் டெவிஸ் கோப்பைப் பந்தயமாக வளர்ந்தது. இன்றும் அங்கே கிளம்பும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் முழுத் தூரத்தையும் முடிக்கின்றன. ‘முடித்தாலே வெற்றி’ என்று இந்த ஓட்டக்காரர்கள் சொல்வது தன்னடக்கத்தால் அல்ல, கணக்கே அப்படித்தான்.

பாதை பல சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு பரிசோதனை வாசல். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிப்படி, இடைச் சுற்றுகளில் வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்க வேண்டும். சும்மா நிற்கும் குதிரைக்கு 30 முதல் 40 வரை துடிக்கும். ஓட்டத்தில் 120, 150 என்று ஏறும். ஓட்டக் கடிகாரம் வாசலை எட்டியதும் நின்றுவிடுவதில்லை. குதிரையைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்போதுதான் நிற்கும். அதனால் குழுவினர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வழித்தெடுத்து, நாடி எப்போது இறங்கும் என்று காத்திருப்பார்கள். அவசரப்பட்டு 66-இல் கொண்டுபோனால் மறுபடி ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் அந்த 15 நிமிடத்துக்குள். கடைசிச் சுற்றில் மறுவாய்ப்பே கிடையாது.

சரி, 64 தேறும், 65 தேறாது. இது நியாயமா? முதல் சிக்கல் எண்ணுவதிலேயே இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், 64-க்கு அடுத்த எண் 68. நடுவில் எதுவுமே வராது. ஒரு துடிப்பைக் கூடுதலாகக் காதில் வாங்கினால் நான்கு துடிப்பு ஏறிவிடும். அதனால்தான் ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவதற்கோ கருவி வைத்து அளப்பதற்கோ இவ்வளவு மதிப்பு. இரண்டாவது சிக்கல், குதிரை மிரளும் பிராணி. கூடவே ஓடிவந்த துணைக் குதிரை கண்ணெதிரே கிளம்பிப் போனாலே நாடி எகிறும். மூன்றாவது, இனம். மெலிந்த அரபுக் குதிரைக்கு எடையை ஒப்பிடத் தோல் பரப்பு அதிகம். உடல் சீக்கிரம் குளிரும், நாடியும் சீக்கிரம் இறங்கும். சதைப்பிடிப்பான கனத்த இனங்களுக்குச் சூடு இறங்கவே நேரம் பிடிக்கும். ஆக, ஒரே எண் எல்லாருக்கும் ஒரே சுமை இல்லை. இந்த இடத்தில் ஓட்டக்காரர்கள் முணுமுணுப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த எண் யார் வேகமானவர் என்று தரம் பிரிக்க வைத்ததல்ல. இந்தக் குதிரை இன்னும் 30 கிலோமீட்டர் ஓடினால் தாங்குமா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு இனச் சலுகை கொடுத்தால் அடிபடுவது சலுகை பெற்ற குதிரைதான்.

நாடி ஏன் இறங்காமல் நிற்கிறது என்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். தசை எரிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. வெயிலில் ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கக்கூடும். ரத்தத்தில் நீர் குறைந்தால் ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவும் குறையும்; அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். இதில் ஒரு விபரீதம் உண்டு. நம் வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பு அடர்ந்து, தாகம் எடுக்கும். குதிரையின் வியர்வை ரத்தத்துக்கு நிகராகவோ அதைவிடக் கூடுதலாகவோ உப்புக் கொண்டது. நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உடம்பு வறண்ட குதிரைக்குத் தாகமே தோன்றாமல் போகலாம். தொட்டி பக்கத்திலேயே இருக்கும், முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மருத்துவர் தோலைக் கிள்ளி விடுவதும், ஈறின் வெளிர்ப்பு மறைய எத்தனை விநாடி என்று பார்ப்பதும், வயிற்றில் காது வைத்துக் குடல் ஓசை கேட்பதும் இதற்காகத்தான்.

நாடிச் சோதனைக்கு ஒரு கெட்டிக்காரத்தனமான துணைச் சோதனை உண்டு. கெர்ரி ரிட்ஜ்வே என்ற கால்நடை மருத்துவரின் பெயரால் அறியப்படுவது. நாடியை எண்ணிவிட்டு, சுமார் 40 மீட்டர் ஓடிப்போய்த் திரும்பி வரச் செய்து, ஓடத் தொடங்கியதில் இருந்து ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணுவார்கள். தேறிய குதிரைக்கு நாடி பழைய எண்ணுக்கே வந்திருக்கும், அல்லது அதற்கும் கீழே. களைத்ததற்கு ஏறியே நிற்கும். முதல் எண்ணிக்கையில் 60 காட்டி ஏமாற்றிய குதிரை இரண்டாவதில் 72 என்று மாட்டிக்கொள்ளும்.

நாடியாவது எண். உண்மையான தகராறு நொண்டுவதில்தான். குதிரையை டிராட் என்ற நடையில் ஓடவிடுவார்கள். குறுக்காக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து விழும் சமச்சீரான ஓட்டம் அது. அதில் பிசகு எளிதாகத் தெரியும். வலிக்கும் முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கத்தின் அளவுகோல் 0 முதல் 5 வரை செல்கிறது. இதில் 3 என்றால், டிராட் ஓட்டத்தில் எல்லாச் சூழலிலும் தொடர்ந்து தெரியும் நொண்டல். அந்தத் ‘தொடர்ந்து’ என்ற சொல்தான் வில்லங்கம். பத்து எட்டில் ஆறு எட்டில் தலை ஆடினால் தொடர்ச்சியா? கல் குத்தி நாலு எட்டு தாங்கி நடந்தால்?

கண்ணுக்கும் எல்லை உண்டு. இடப்பக்க அசைவுக்கும் வலப்பக்க அசைவுக்கும் இடையே வித்தியாசம் 25 சதவீதத்தைத் தொடும்வரை மனிதக் கண்ணுக்கு அது பிடிபடுவது கடினம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், கைதேர்ந்த மருத்துவர்களே லேசான நொண்டலில் 62 சதவீதம் அளவுக்குத்தான் ஒத்துப்போனார்கள். நொண்டல் கூடியபோது ஒப்புதல் 93 சதவீதத்துக்கு ஏறியது.

அதனால்தான் சந்தேகம் வந்தால் சர்வதேசப் பந்தயங்களில் மூன்று மருத்துவர்கள் பார்த்து ரகசியமாக வாக்களிக்கிறார்கள். ஒருவர் ஐந்துக்கு ஒரு முறை தவறுவார் என்று வைத்துக்கொண்டால், மூவரில் பெரும்பான்மை தவறும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்றாகப் பாதியாகிறது. ஆனால் அவரவர் கண் தனித்தனியாக வேலை செய்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். மூத்தவர் முகத்தைப் பார்த்து மற்ற இருவரும் தலையாட்டினால் மூன்று பேர் இருந்தும் ஒரே வாக்குத்தான். சீட்டில் எழுதி மடிப்பதன் காரணம் அதுவே.

அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. சாயங்காலம் குதிரை நன்றாக நடக்கிறதே என்று காணொளி காட்டினாலும் பயனில்லை. எனக்கு முதலில் இது அடாவடியாகத்தான் பட்டது. ஆனால் இடையில் நிறுத்தப்பட்ட குதிரையை இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்ப ஓட்டத்தில் விட முடியாது. முன்னே போனவர்கள் போய்விட்டார்கள், இதற்கோ கூடுதல் ஓய்வு கிடைத்துவிட்டது.

மருந்துச் சோதனையில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ரத்தமும் சிறுநீரும் ஆய்வகம் போகின்றன. இரண்டாவது மாதிரியைச் சோதிக்கக் கேட்கலாம், தீர்ப்பாயத்தில் வாதாடலாம். ஆனால் பொறுப்பு யார் தலையில் என்பதில் விதி கறார். ஊசி போட்டவர் யாராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் குதிரையை ஓட்டியவர்தான். 2009-இல் துபாய் ஆட்சியாளர் ஷேக் முகமது பின் ரஷீத் அல் மக்தூம் ஓட்டிய குதிரையில் தடைசெய்த ஸ்டீராய்டின் தடயம் கிடைத்தது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றார். இருந்தும் ஆறு மாதத் தடை விழுந்தது. வலி தெரியாமல் ஓடும் குதிரை மேலே சொன்ன அத்தனை சோதனைகளையும் பொய்யாக்கிவிடும் என்பதால் இந்தக் கெடுபிடி.

டெவிஸில் இன்னொரு கோப்பையும் உண்டு, ஹாகின் கோப்பை. 1964 முதல் கொடுக்கிறார்கள். முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளை மறுநாள் காலை மருத்துவர்கள் மறுபடி ஓடவிட்டு, தடவி, கிள்ளிப் பார்ப்பார்கள். அதில் எது இன்னும் ஓடத் தெம்போடு நிற்கிறதோ அதற்குத்தான் பரிசு. பல ஆண்டுகளில் அது முதலாவது வந்த குதிரையாக இருப்பதில்லை.