வீட்டில் பியர் காய்ச்சுபவர்களே, நாய் வளர்க்கிறீர்களா?

நான் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கிற நாய் எது வந்தாலும், தெர்மாமீட்டரை எடுக்கும்போதே கேட்டுவிடுவேன்: "வீட்டில் யாராவது பியர் காய்ச்சுகிறீர்களா?" சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை. அதைக் கேட்கத் தோன்றாமல் ஒரு நாயை இழந்திருக்கிறேன்.

ஆறு வயது லாப்ரடார். அக்டோபர் மாதத்து ஞாயிறு மாலை, வெளியே நல்ல குளிர். நாயின் உடம்போ அடுப்பாகக் கொதித்தது. நாய்க்கு இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், இதற்கு 41.8. தொடைத் தசைகள் கட்டை போல விறைத்திருந்தன. ரொம்ப நேரம் ஓடியதா, காரில் அடைத்து வைத்தீர்களா, எலி மருந்து தின்றதா என்று வரிசையாகக் கேட்டேன். எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்வித்துக்கொண்டிருந்தபோது வாந்தி எடுத்தது. பச்சைக் கூழ்; அரைத்த புல்லில் எலுமிச்சைத் தோலைக் கலந்தது போல வாசனை. அதைப் பார்த்ததும் வளர்த்தவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, இது என் ஹாப்ஸ் ஆச்சே!" காலையில் கராஜில் ஐ.பி.ஏ. என்ற, ஹாப்ஸ் அதிகம் சேரும் பியரைக் காய்ச்சி, வடிகட்டிய சக்கையைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறார். அன்றிரவே நாய் இறந்துவிட்டது.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுப்பது அதுதான். பியரில் அதைக் குடிக்கும் மனிதருக்கு ஒன்றும் ஆவதில்லை. நாய் தின்றால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும், தசை விறைக்கும், இதயம் படபடக்கும். சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். 1997-லேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் ஐந்து நாய்களுக்கு இப்படி ஆனது பதிவாகியிருக்கிறது. கிரேஹவுண்ட் இனத்துக்கு ஆபத்து மிக அதிகம். அதற்காக மற்ற நாய்கள் தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு வரை தின்றால் பயமில்லை என்ற கணக்கும் கிடையாது.

கசப்பானதை நாய் ஏன் தின்கிறது என்று பலர் கேட்கிறார்கள். கொதித்து முடிந்த ஹாப்ஸ், மால்ட் எனும் முளைகட்டிய தானியச் சாற்றின் இனிப்பில் ஊறியிருக்கும். அந்த வாசனைக்கு எந்த நாயும் வரும். கொதித்ததால் விஷம் போய்விடும் என்பதும் தவறு. காய்ந்த பூ, பூவைப் பொடித்து அழுத்திய உருண்டை, சக்கை எல்லாமே ஆபத்துதான்.

இப்போது கவலை கூடியதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் ஹாப்ஸ் விளைகிற பூமி. சிறு ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பியருக்கு, கிரேப்ஃப்ரூட் எனும் எலுமிச்சை இனப் பழத்தின் மணத்தைக் கொடுத்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம் 1970-களின் தொடக்கத்தில் இங்கிருந்துதான் வந்தது. அன்று ஒரு 19 லிட்டர் பாத்திரத்துக்கு ஒரு கைப்பிடி ஹாப்ஸ் போதும். இன்று மாம்பழ மணம் வர வேண்டும், கலங்கலாக இருக்க வேண்டும் என்று, நொதித்த பிறகும் கொட்டுகிறார்கள். அதே 19 லிட்டருக்கு 300 கிராம் போடுகிறவர்களைத் தெரியும். சக்கையும் அந்த அளவுக்கு மிஞ்சுகிறது.

அப்புறம் புதுச் சுவைகள். கறுப்பு பியருக்கு விஸ்கியில் ஊறவைத்த கொக்கோ விதைத் துண்டுகள். அவற்றிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தைத் தாக்கும், விஸ்கியும் சேர்ந்து கெடுக்கும். உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மெக்கடேமியா கொட்டை தின்றால் பின்னங்கால் தள்ளாடும். நமக்கு வெறும் சுவையாக இருப்பவை இவை.

தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே கிளம்பிவிடுங்கள். இரைக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சீக்கிரம் வந்தால் வாந்தி எடுக்கவைத்து, கரி மருந்து கொடுத்து, ரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றிக் காப்பாற்ற வழி இருக்கிறது. உடம்பு ஏற்கனவே சுடுகிறது என்றால் குழாய்த் தண்ணீரை ஊற்றி, கார் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டுவாருங்கள். நம் வீடுகளில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கம் உண்டு. நாய்க்கு அதுவே விஷமாகிவிடும். பாரசிட்டமாலும் வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, அதற்கு அடங்காது. ஹாப்ஸ் பாக்கெட்டைக் கையோடு எடுத்துவாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பியர் தானியத்தில் நாய் பிஸ்கட் செய்கிறார்களே என்பார்கள். ஹாப்ஸ் போடுவதற்கு முன் வடிகட்டி எடுத்த தானியம் என்றால் சரி. ஹாப்ஸ் பட்ட பாத்திரத்திலிருந்து அள்ளியது என்றால் ஒரு பருக்கைகூடக் கூடாது. சக்கையைத் தோட்டத்து உரக்குழியிலும் போடாதீர்கள், நாய் தோண்டிவிடும்.

அந்த லாப்ரடாரை வளர்த்தவர் போன வருடம் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: கராஜுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, சக்கை எல்லாம் இறுக மூடிய வாளியில் அன்றன்றே வெளியே போய்விடுகிறது.