ரைன் நதி வற்றினால் ஆத்தங்குடித் தரைக்கல் ஏன் உடைகிறது?

வெளிநாட்டில் வாங்கியவர் அனுப்பும் போட்டோக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. கன்டெய்னர் கதவின் மேல் சாய்ந்து கிடக்கும் மரப்பெட்டிகள், அடியில் ஓரம் சிதறிய பூக்கல். கைவேலைக் கல் இப்படிக் குப்பையாவதைப் பார்க்க மனசு ஆறவில்லை. தூத்துக்குடியில் ஒழுங்காகத்தான் ஏறியது, கப்பலிலும் அசையவில்லை. உடைந்தது கடைசிக் கட்டத்தில்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் வரை ரைன் நதிப் படகில் போவது வழக்கம். நதி வற்றினால் படகு அரை லோடு ஏற்றவே திணறும், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் கூடுதல் கட்டணமும் விழும். 2018 அக்டோபரில் ஜெர்மனியின் கவுப் என்ற ஊரில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. (அது அளவுகோலின் குறி மட்டுமே. படகு ஓடும் தடத்தின் ஆழம் அதைவிட அதிகம்.) 2022 ஆகஸ்டிலும் இதே பாடுதான். அதனால் வாங்குபவர்கள் ரயிலுக்கு மாறுகிறார்கள். மாறட்டும், நல்லதுதான். ஆனால் நம் பட்டறைகளில் பேக்கிங் இன்னும் படகுக்கானதாகவே இருக்கிறது.

"ரயில்தானே, குழியா குண்டா? வழுக்கிக்கொண்டு போகும்" என்கிறார்கள். தயவுசெய்து இந்த நினைப்பை விடுங்கள். ஓடும்போது மென்மைதான், அடி விழுவது ஷன்டிங்கில். காரைக்குடி ஜங்ஷனில் எஞ்சின் வந்து மாட்டும்போது கையில் இருக்கும் காபி சிந்துகிறதே, அதுதான். கிளைப்பாதையில் வேகன்களைக் கழற்றி, தள்ளி, மாட்டும் வேலை ஒரே பயணத்தில் பலமுறை நடக்கும். கன்டெய்னர் லோடுக்கான 2014ஆம் ஆண்டின் சர்வதேச நடைமுறை விதி, ரயிலில் நீளவாக்கில் சரக்கின் எடையில் பாதியைத் தள்ளுவிசையாகக் கணக்கிடச் சொல்கிறது. ஷன்டிங் அதிர்ச்சிக்கு முழு எடை. 24 டன் கல் என்றால், ஒரு கணத்துக்கு 24 டன் தள்ளு! "பெல்ட் கட்டியாச்சு" என்பது இங்கே பதிலே இல்லை. பெல்ட் மாட்டும் தரை வளையத்துக்கு விதித்த தாங்குதிறன் சுமார் 1 டன். கதவுப் பக்கச் சுவரும் அப்படித்தான்: ஏற்றக்கூடிய எடையில் 0.4 பங்குக்குத்தான் சோதனை, அதுவும் சுவர் முழுக்கப் பரவிய எடைக்கு. இடுப்புயர மரப்பெட்டி ஒரே கோட்டில் இடித்தால் தாங்காது.

இதில் ஆத்தங்குடிக் கல்லுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 20 மி.மீ. கனம் என்றால் சதுர மீட்டர் சுமார் 40 கிலோ. 600 சதுர மீட்டர் ஏற்றினாலே 24 டன். கல் அடைக்கும் இடமோ வெறும் 12 கன மீட்டர். 20 அடிக் கன்டெய்னரில் இருப்பது 33. கன்டெய்னர் நிறையாமலே எடை நிறைந்துவிடும். உடைப்பது அந்தக் காலியிடம்தான்.

ஆகவே காலியிடத்தை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து அடைத்துவிடுங்கள், வைக்கோலால் வேண்டாம். அதிர அதிர வைக்கோல் அமுங்கி இடைவெளி விடும். கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவில் குறுக்குச் சட்டம் வேண்டும், அது மூலைத்தூண்களில் ஊன்ற வேண்டும், கதவில் அல்ல. மரப்பெட்டிகளுக்கு அடியில் நீளவாக்கில் கட்டை போட்டால் எடை தரையின் குறுக்கு விட்டங்களுக்குப் பிரியும். கன்டெய்னரின் எந்தப் பாதியிலும் 60 சதவீதத்துக்கு மேல் எடை வேண்டாம். ஏற்றும் முன் தரையைப் பெருக்குங்கள்! பட்டறை மணல் நாலு கை கிடந்தால் போதும், பெட்டி உருண்டு நகரும்.

கல்லை மரப்பெட்டிக்குள் நெட்டுக்குத்தாக, முகத்தோடு முகம் வைத்து, நடுவில் ஃபோம் தாள் கொடுங்கள். நன்றாக உலராத கல்லை ஏற்றாதீர்கள், உப்புப் பூத்துவிடும். மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரை குத்தியதாக இருக்கட்டும். பட்டையோடு சவுக்கு வைத்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இருக்காதீர்கள். வழக்கமான சரக்குக் காப்பீட்டு விதிகளில் போதாத பேக்கிங்குக்கு இழப்பீடு கிடையாது. கதவை மூடும் முன் முட்டுகள் தெரியும்படி நாலு போட்டோ எடுத்து வையுங்கள். நிரப்பிய கன்டெய்னரின் எடைச் சான்றுக்கும் 2016 ஜூலை 1 முதல் அனுப்புகிறவரே பொறுப்பு.

ஆர்டர் பேசும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: துறைமுகத்திலிருந்து உங்கள் கிடங்குக்குப் படகா, ரயிலா? "நதியைப் பார்த்து முடிவு செய்வோம்" என்று பதில் வந்தால், ரயிலுக்கென்றே பேக்கிங் செய்யுங்கள்.