வால்வு சரி, ஓரத்தில்தான் கசிவு

கார்த்திகை அடைமழையில் சென்னையின் எத்தனையோ வீடுகளில், ஜன்னலை இறுக்கிச் சாத்திய பிறகும் சுவரில் ஈரம் இறங்கும். கதவில் பழுதிருக்காது, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு விட்டிருக்கும். இதயத்தில் வைத்த செயற்கை வால்வுக்கும் இந்தத் தொல்லை வருவதுண்டு.

வால்வைச் சுற்றித் துணி வளையம் ஒன்று இருக்கும். அதைத்தான் இதயத்தோடு சேர்த்துத் தைக்கிறார்கள். அங்கே சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, கிருமி தொற்றினாலோ தையல் விட்டு இடுக்கு விழும். வால்வு ஒழுங்காகத் திறந்து மூட, இரத்தம் ஓரமாகப் பின்னோக்கிப் பீச்சும்.

இடுக்கு பெரிதென்றால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். சிறிய கசிவுகள் பலவும் தொந்தரவு தருவதில்லை. ஆனால் சில சின்ன இடுக்குகள் பொல்லாதவை. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்துப் பாருங்கள், எப்படிச் சீறுகிறது! அந்தச் சீற்றத்தில் சிவப்பணுக்கள் கிழிந்துபோகும். சோகை, மஞ்சள் கண், கறுத்த சிறுநீர் எல்லாம் அதன் விளைவு. வால்வு மாற்றிய ஒருவருக்கு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? தயவுசெய்து சத்துக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள், இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டு, இளம் வயதிலேயே மாற்றிக்கொண்டவர்கள் நம்மிடையே நிறைய.

முன்பெல்லாம் நெஞ்சை மறுபடி திறப்பதே வழி. பழைய தழும்பில் எல்லாம் ஒட்டிக் கிடக்கும் என்பதால் இரண்டாம் அறுவையில் ஆபத்து அதிகம். கதீட்டர் எனும் மெல்லிய நீண்ட குழாய் வழியே, குடை போன்ற கருவியால் இடுக்கை அடைத்த அனுபவம் 1992இல் மருத்துவ இதழில் வெளிவந்தது.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வென்றால், தொடைச் சிரையில் நுழைந்த கதீட்டர் வலது மேலறைக்குப் போய், இடைச்சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் வரும். உணவுக்குழாயில் இறக்கிய எக்கோ கருவி முப்பரிமாணப் படம் காட்டும். திரையில் வால்வைக் கடிகாரமாகப் பாவித்து, 'ஏழு மணியில் கசிவு' என்று இடம் குறிப்பார்கள். மெல்லிய கம்பி இடுக்கைத் தாண்டியதும், அதன் தடத்திலேயே அடைப்பான் போகும். அது நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியில் பின்னிய வலை. கதீட்டருக்குள் ஒடுங்கிக் கிடந்து, வெளியே வந்ததும் தன் பழைய வடிவத்துக்கு விரியும்.

உடனே விட்டுவிட மாட்டார்கள். வால்வின் இதழ் எதிலும் இடிக்கிறதா என்று பார்ப்பார்கள். இடித்தால் அடைப்பானை உள்ளே இழுத்து மறுபடி வைப்பார்கள். இடுக்கு பிறைபோல் நீண்டிருந்தால், பெரிய ஒன்றைவிடச் சின்னதாக இரண்டு நன்றாக அடையும். தொற்று ஆறாமலிருந்தாலோ, வால்வே ஆட்டம் கண்டிருந்தாலோ இந்த முறை உதவாது.

முழுக்க அடைபடாமல் மெல்லிய பீச்சு மிஞ்சினால் அணுக்கள் முன்னைவிட மோசமாகச் சிதையக்கூடும். அதனால்தான் வீடு திரும்பிய பிறகும் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள்.