கட்டும் வேலையும் சிதைக்கும் வேலையும் மோதிக்கொள்ளாதது எப்படி?

உடலில் சேர்ந்த கொழுப்பு, தேவை வரும்வரை அசையாமல் கிடக்கும் இருப்பு என்றே ஒரு காலத்தில் பரவலாகக் கருதப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பெர்க்கும் 1935இல் கன ஹைட்ரஜனை (ஹைட்ரஜனின் எடை கூடிய வகை) அடையாளமாக ஏற்றிய கொழுப்பைச் சுண்டெலிகளுக்கு ஊட்டியபோது, அவற்றின் எடை கூடாத நிலையிலும், அதன் பெரும்பகுதி கொழுப்புத் திசுக்களில் போய்ச் சேர்ந்திருந்தது. புதியது உள்ளே வந்த அளவுக்குப் பழையது வெளியேறியிருக்க வேண்டும். வளர்சிதைமாற்றத்தின் இயல்பு இதுவே: மூலக்கூறுகளைச் சிதைப்பதும் கட்டுவதும் ஓயாமல் அருகருகே நடக்கின்றன.

சிதைக்கும் பாதையில், ஆறு கார்பன் கொண்ட குளுக்கோஸ் பத்துப் படிகளில் மூன்று கார்பன் கொண்ட இரண்டு பைருவேட்டுகளாகப் பிளந்து, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, இரண்டு கார்பன் அலகைச் சுமக்கும் அசிட்டைல் கோ-ஏ ஆகிறது. பதினாறு கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலமான பால்மிட்டிக் அமிலமும் ஏழு முறை வெட்டப்பட்டு எட்டு அசிட்டைல் கோ-ஏ மூலக்கூறுகளாகிறது. இவை சிட்ரிக் அமிலச் சுழற்சி என்னும் வேதிவினைத் தொடரில் எரிந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஆக்கத் தேவையான ஆற்றலைத் தருகின்றன.

கொழுப்பைக் கட்டும்போதும் செல் இதே அசிட்டைல் கோ-ஏவைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வந்த வழியே திரும்புவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வை அசிட்டைல் கோ-ஏ கடக்க முடியாது என்பதால், அது சிட்ரேட்டாக மாறி வெளியேறி, செல்லின் திரவப் பகுதியான சைட்டோபிளாசத்தில் மீண்டும் உருவெடுக்கிறது. அங்கே வேறு நொதிகள், வேறு எலக்ட்ரான் கடத்தி (என்ஏடிபிஹெச்). ஒரு பால்மிட்டிக் அமிலத்தைக் கட்டி முடிக்க 7 ஏடிபியும் 14 என்ஏடிபிஹெச்சும் செலவாகின்றன.

இத்தனை செலவில் கட்டியதை உடனே மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பி எரித்துவிட்டால் ஆற்றல் வீண்தானே? அதைத் தடுக்கும் ஏற்பாடு, வளர்சிதைமாற்றத்திலேயே மிக நேர்த்தியானது என்பேன். கொழுப்பு அமிலம் கட்டும் முதல் படியில் அசிட்டைல் கோ-ஏ, மலோனைல் கோ-ஏவாக மாறுகிறது. நீண்ட கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்ல அவற்றைக் கார்னிடின் என்னும் சுமக்கும் மூலக்கூறுடன் இணைக்கும் நொதி ஒன்று தேவை; அந்த நொதியை மலோனைல் கோ-ஏ முடக்குகிறது. கட்டுமானத்தின் மூலப்பொருளே எரிப்புக்கான வாயிலை அடைத்துவிடுகிறது. உணவுக்குப் பின் இன்சுலின் உயரும்போது மலோனைல் கோ-ஏ பெருகுகிறது. பட்டினியில், இன்சுலினுக்கு எதிராகச் செயல்படும் ஹார்மோனான குளுக்ககான் மேலோங்கும்போது அது குறைந்து, வாயில் திறக்கிறது.

தசைச் செல்கள் கொழுப்பு அமிலங்களை மிகக் குறைவாகவே கட்டுகின்றன. இருந்தும் அவை மலோனைல் கோ-ஏவை ஆக்குகின்றன. அங்கே அதன் முதன்மையான பணி, எவ்வளவு கொழுப்பு எரிய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதே.