புரியவில்லை என்றால் சவுண்டைக் கூட்டாதீர்கள்

ஆன்லைனில் வாங்கிய காது மெஷினை மாட்டிக்கொண்டே போன வாரம் ஒரு பெரியவர் கிளினிக்குக்கு வந்தார். மலையாளச் செய்தி தெளிவாகக் கேட்கிறது. பக்கத்து அறையில் பேரன் முணுமுணுப்பது கேட்கிறது. ஓடிடியில் வரும் ஸ்காட்லாந்து போலீஸ் தொடர் மட்டும் கேட்கவில்லையாம், அதற்காகத்தான் மெஷின். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தேன். அந்த வயதுக்கு அருமையான காது. மெஷினைக் கழற்றச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேக்கலீன்னா சவுண்டைக் கூட்டித்தானுங்க ஆகணும், மேடம்?"

பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கமிருந்து இதே கேள்வியோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு பக்கம் ரிட்டயர் ஆனவர்கள். இன்னொரு பக்கம் யு.கே. போகக் காத்திருக்கும் நர்சிங் பிள்ளைகள். பிரிட்டிஷ் தொடர் பார்த்தால் ஆக்சென்ட் பழகும் என்று யாரோ சொல்ல, ராத்திரியெல்லாம் இயர்பட்ஸை முழு சவுண்டில் வைத்துக் கேட்டுவிட்டு, காதுக்குள் கொய்ங் என்ற இரைச்சலோடு வந்து உட்காருகிறார்கள்.

கேட்பது வேறு, புரிவது வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. காது ஒலியை வாங்கி மேலே அனுப்புவதோடு சரி. அதில் எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரிப்பது மூளை. அதுவும் தனக்குப் பழகிய உச்சரிப்பை வைத்துத்தான் பிரிக்கும். கல்யாண வீட்டில் நாகர்கோவில்காரர்கள் நாலு பேர் கூடி வேகமாகப் பேசினால், கொங்குத் தமிழ் பழகிய நமக்குப் பாதி நழுவிப் போகும். அவர்கள் கையில் மைக்கைக் கொடுத்தால் புரிந்துவிடுமா? அதே பாதி இன்னும் சத்தமாக நழுவும், அவ்வளவுதான்.

கிளாஸ்கோவிலும் கிழக்கு லண்டனிலும் பலர் 'வாட்டர்' என்பதன் நடுவில் வரும் ஒலியைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள். அமெரிக்கர் அதையே 'வாடர்' என்று மென்மையாக்குவார். லண்டன்காரர் சொல்லின் கடைசியில் வரும் 'ர்'-ஐ விட்டுவிடுவார், ஸ்காட்லாந்துக்காரர் விடமாட்டார். நாமோ எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் படித்தவர்கள், எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் காதில் விழும் என்று காத்திருக்கிறோம். நடிகர் வாயிலிருந்தே வராத ஒலியை உங்கள் ரிமோட் எங்கிருந்து கொண்டுவரும்?

அப்புறம் வட்டார வழக்கு. வட இங்கிலாந்தில் 'டீ' என்றால் பல வீடுகளில் சாயங்காலச் சாப்பாடு. லண்டன் காக்னி பேச்சில் 'டாக் அண்ட் போன்' என்றால் டெலிபோன், எதுகைக்காக அப்படிச் சொல்கிறார்கள். இதெல்லாம் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. காதை நொந்து பயனில்லை, உங்கள் ஆங்கிலத்தையும் நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்கர்களிலேயே பலர் பிரிட்டிஷ் தொடரைச் சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறார்கள்.

சப்டைட்டில் போடுங்கள், ஆனால் ஆக்சென்ட் பழக வேண்டுமானால் ஆங்கிலத்திலேயே போடுங்கள். மிட்டரர், மெக்வீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தெரிந்த டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் 25 நிமிடக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்கள், அதே நடிகர் பேசிய புதிய வாக்கியங்களையும் பிறகு நன்றாகப் பிடித்தார்கள். டச்சு சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் அந்தப் புதிய வாக்கியங்களில், சப்டைட்டிலே இல்லாமல் பார்த்தவர்களைவிடவும் பின்தங்கினார்கள். கதை மட்டும் போதும் என்பவர்கள் தமிழிலோ மலையாளத்திலோ தாராளமாகப் படித்துக்கொள்ளுங்கள். யு.கே. போகிற பிள்ளைகளே, உங்களுக்கு அது வேண்டாம். ஒரே ஊர்த் தொடரைச் சில நாள் தொடர்ந்து பாருங்கள், தினம் ஒரு ஊருக்குத் தாவாதீர்கள்.

டிவி மேலும் கொஞ்சம் குற்றம் உண்டு. தட்டையான டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் அடியிலோ முதுகிலோ இருக்கிறது, வசனம் சுவரைப் பார்த்துப் போகிறது. தொடரின் ஆடியோ மெனுவில் 5.1 (ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த ஒலி) தேர்வாகியிருந்தால், இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள். பேச்சைத் தெளிவாக்கும் செட்டிங் இருந்தால் அதையும் போடுங்கள். தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேனைக் குறைத்தாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இயர்பட்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கெஞ்சவே தயார். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபலில் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகள் இருக்கும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் தெரியும். ஆங்கிலத்தின் 'எஸ்', 'எஃப்' போன்ற மெல்லிய ஒலிகளைப் பிடிக்க வேண்டிய இடமும் அந்தப் பக்கம்தான். ஆக்சென்ட் புரிவதற்காகச் சவுண்டைக் கூட்டி, அது புரியத் தேவையானதையே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

உண்மையிலேயே காதில்தான் கோளாறா என்று பார்க்க வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள், நெட்ஃபிளிக்ஸை விடுங்கள். குழந்தைகள் பேசுவது பிடிபடாமல் போவது, நாலு பேர் நடுவே 'என்ன, என்ன' என்று கேட்பது, நிற்காத இரைச்சல், இதில் ஏதாவது இருந்தால் பரிசோதனைக்கு வாருங்கள். பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கும் தனிச் சோதனை உண்டு, ஒரு பட்டியலில் உள்ள சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழ்ப் பட்டியலா மலையாளப் பட்டியலா என்று நான் கேட்டால் நம் எல்லைக்காரர்கள் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள், யோசிக்கட்டும். ஸ்காட்லாந்துப் பட்டியல் என்னிடம் கிடையாது.

பரிசோதனை இல்லாமல் மெஷின் வாங்காதீர்கள். எல்லா ஒலியையும் சேர்த்துப் பெருக்கும் அந்தக் கருவி நல்ல காதுக்குத் தேவையில்லாத சுமை. ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல் ஆகிக் கேட்காமல் போனால் எண்ணெய், சொட்டு மருந்து என்று ஆரம்பிக்காமல் அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். அழுக்கு அடைத்திருந்தால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். நரம்புப் பாதிப்பாக இருந்தால் நாள் தள்ளத் தள்ள மருந்து பலன் தருவது குறையும்.