ஸ்ட்ரெஸ்ஸுக்கு மன அழுத்தம் என்று எழுதுவதை நிறுத்தலாம்

ஒரு மருத்துவக் கட்டுரை. முதல் பத்தியில் "மன அழுத்தம் வந்தால் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், சரியாகிவிடும்" என்று இருக்கும். நாலு பத்தி தள்ளிப் போனால் "மன அழுத்தம் முற்றினால் தற்கொலை எண்ணம் வரலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்" என்று இருக்கும். முதலில் சொன்னது ஸ்ட்ரெஸ், இரண்டாவது டிப்ரஷன். எழுதியவருக்கு இரண்டும் வேறு என்பது தெரிந்திருக்கும், ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டதால் படிக்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை. இப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ஸ்ட்ரிங்கெரே என்றால் இறுக்கிக் கட்டுதல். அதிலிருந்து பழைய பிரெஞ்சில் குறுகல், நெருக்குதல் என்ற பொருளில் ஒரு சொல் வந்தது, அது ஆங்கிலத்துக்குப் போய் ஸ்ட்ரெஸ் ஆனது. டிஸ்ட்ரெஸ் என்பதன் தலை தேய்ந்தும் அது உருவாகியிருக்கலாம் என்பார்கள். முதலில் துன்பம் என்ற பொருள்தான். பிறகு பொறியியல் அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து உடலியலுக்குக் கொண்டுவந்து பரப்பியவர் ஹார்மோன்களை ஆராய்ந்த மருத்துவர் ஹான்ஸ் செல்யே. 1936-இல் அவர் எழுதிய ஒரு பக்கக் கட்டுரைதான் தொடக்கம்: எலிகளுக்குக் குளிர், காயம், நஞ்சு என்று எதைக் கொடுத்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது. முதலில் எச்சரிக்கை நிலை, அப்புறம் தாக்குப்பிடிக்கும் நிலை, கடைசியில் ஓய்ந்துபோகும் நிலை. கவனியுங்கள், அவர் பேசியது எலியின் உடலைப் பற்றி. "மன" என்ற ஒட்டு அங்கே எங்கும் கிடையாது.

என் முதல் புகார் அந்த ஒட்டின் மேல்தான். ஆபத்து என்று மூளை கணித்ததும் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது, நாடி ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, செரிமானம் மந்தமாகிறது. சற்றுப் பொறுத்து கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. ஓடித் தப்பிக்கவும் எதிர்த்து நிற்கவும் இதெல்லாம் தேவை. மாதக்கணக்கில் இதே நிலையில் உடல் கிடந்தால்தான் வினை: தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், நோய் எதிர்ப்பு குறையும், புண் ஆற நாளாகும். இவ்வளவும் உடலில் நடக்க, "மன அழுத்தம்" என்று பேர் வைத்தால் என்ன ஆகும்? "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்று சொல்வதற்கு வீட்டில் உள்ளவர்களுக்கு நாமே வாக்கியம் எடுத்துக் கொடுத்தது போல ஆகிவிடும்.

அடுத்தது "அழுத்தம்". பள்ளி இயற்பியலில் அழுத்தம் என்றால் பிரஷர். ஸ்ட்ரெஸ்ஸுக்கு அங்கே தகைவு என்று தனிச்சொல் உண்டு, ஸ்ட்ரெயினுக்குத் திரிபு. பிரஷர் வெளியிலிருந்து வந்து அமுக்குவது, ஸ்ட்ரெஸ் அதை எதிர்த்துப் பொருளுக்குள்ளே எழுவது. இதைப் பள்ளிப் பிள்ளைகள் தமிழில் பிரித்துப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறார்கள். விளைவாக "நீண்டகால மன அழுத்தம் உயர் ரத்த அழுத்தத்துக்கு வழிவகுக்கும், எனவே அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள்" என்று ஒரு வாக்கியம் வரும். எந்த அழுத்தத்தை? மாத்திரை போடுகிற அழுத்தத்தையா, விடுப்பு எடுக்கிற அழுத்தத்தையா?

இதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று இருக்கிறது. நெஞ்சழுத்தம் என்று தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. யாருக்கும் மசியாத பிடிவாதம், துணிச்சல் என்று பொருள். "அவனுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பார்" என்றால் அவனைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "அழுத்தமான ஆள்" என்றால் வாயைத் திறந்து எதையும் விடாதவர். "அழுத்தமாகச் சொன்னார்" என்றால் உறுதியாகச் சொன்னார். இப்படி அழுத்தம் என்பது தமிழ் பேசுகிறவர் வாயில் பெரும்பாலும் வலிமையோடு சேர்ந்து வரும் சொல். அதற்கு முன்னால் மனத்தை ஒட்டி நோய்ப்பெயராக்கியது தமிழைக் காதால் கேட்காமல் அகராதியைப் புரட்டி மட்டும் செய்த வேலை. பேசும்போது யார் "எனக்கு மன அழுத்தமாக இருக்கிறது" என்கிறார்கள்? டென்ஷனாக இருக்கிறது என்பார்கள், தலை வெடிக்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள், நெஞ்சை அடைக்கிறது என்பார்கள்.

சரி, மாற்று என்ன? தூய தமிழ் அன்பர்கள் சிலர் தகைவையே இங்கும் கொண்டுவரலாம் என்கிறார்கள். பொறியியலுக்கு அது அருமையான சொல், தகை என்றால் தடுத்தல், தாங்கி நிறுத்தல். ஆனால் நோயாளியிடம் "உங்களுக்குத் தகைவு கூடியிருக்கிறது" என்றால் தகைமை கூடியதாக நினைத்து அவர் மகிழ்ந்துவிடுவார். துறைக்குள் புரிகிற சொல் வேறு, வலியில் இருக்கிறவருக்குப் புரிய வேண்டிய சொல் வேறு. தூய்மை எனக்கும் பிடிக்கும், அதற்காகத் தெளிவை விட்டுக்கொடுக்கச் சொன்னால் ஒப்பமாட்டேன்.

மன உளைச்சல் நல்ல சொல். கால் உளைச்சல், வயிற்றுளைச்சல் என்று உடலிலிருந்து புறப்பட்டு மனத்துக்கு வந்த சொல் அது. ஆனால் உளைச்சல் என்றாலே வேதனை வந்துவிட்டது என்று பொருள். அதை டிஸ்ட்ரெஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரெஸ் எல்லாமே வேதனை ஆகாது, ஊக்கம் தருகிற ஸ்ட்ரெஸ்ஸும் உண்டு என்று செல்யேவே பிற்காலத்தில் பிரித்துக் காட்டினார்.

நான் பரிந்துரைப்பது இறுக்கம். லத்தீன் மூலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் இதுதான், ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. தாடை இறுகுகிறது, தோள் இறுகுகிறது, முகம் இறுகிக் கிடக்கிறது, பேச்சில் ஓர் இறுக்கம் என்று உடலையும் மனத்தையும் சேர்த்தே தமிழ் இந்தச் சொல்லால் பேசி வந்திருக்கிறது. வீணைத் தந்தி அளவோடு இறுகினால்தான் சுருதி சேரும் என்பதால் நல்ல இறுக்கம் என்று சொன்னாலும் யாருக்கும் முரணாகத் தோன்றாது. இன்னொன்று, இதற்கு எதிர்ச்சொல் கையோடு வருகிறது: தளர்த்தல். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்த்தல் பயிற்சியில் செய்வதே அதுதான், ஒவ்வொரு தசையாக வேண்டுமென்றே இறுக்கி, பிறகு தளர விட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உடலுக்குக் காட்டுவது. அழுத்தம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியை விளக்கிப் பாருங்கள், எவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. ஆட்டிசத்துக்குத்தான் மன இறுக்கம், மதியிறுக்கம் என்று பெயர் இருக்கிறதே? இருக்கிறது, அது இருக்கக் கூடாது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு, அங்கே இறுகிப்போன மனம் எதுவும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் குழந்தையின் மனம் இறுகியதற்குத் தாங்கள்தான் காரணமோ என்று பெற்றோர் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள இடமாகிறது. அதை ஆட்டிசம் என்றே சொல்லுங்கள், பலர் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்ட்ரெஸ்ஸுக்கு நான் கேட்பதும் மன இறுக்கம் அல்ல, வெறும் இறுக்கம். வெளியே இருக்கும் காரணத்துக்கு, அதாவது கடன், வேலைப்பளு, வீட்டுச் சண்டை போன்றவற்றுக்கு, நெருக்கடி என்ற சொல் இருக்கிறது. நெருக்கடி வெளியே, இறுக்கம் உள்ளே. செல்யேவுக்கே இந்தப் பிரிப்பில் சிக்கல் இருந்தது, உடலுக்குள் நடப்பதற்கு ஸ்ட்ரெயின் என்று பெயர் வைத்திருக்க வேண்டியது என்று பின்னாளில் அவரே சொன்னார். தமிழுக்கு அந்தச் சிக்கல் வர வேண்டிய அவசியமில்லை.

டிப்ரஷனுக்கு மனச்சோர்வு. இதில் பேரமே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் மாறி, தான் எதற்கும் உதவாதவர் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது என்றால் அது இறுக்கம் அல்ல, நடைப்பயிற்சியும் இரண்டு நாள் விடுமுறையும் மட்டும் போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட இறுக்கம் மனச்சோர்வில் கொண்டுபோய் விடலாம் என்பது உண்மை. அதைச் சொல்லவும் இரண்டு சொற்கள் வேண்டுமே! "மன அழுத்தம் மன அழுத்தத்தில் முடியலாம்" என்றா எழுதுவது?

காரணம் காட்டுவதிலும் இந்த அசட்டை தொடர்கிறது. வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமே காரணம் என்று இன்னும் எழுதுகிறார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, அதற்காக 2005-இல் நோபல் பரிசும் வாங்கியாயிற்று. பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு அந்தக் கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம், இறுக்கம் இருக்கிற புண்ணை மோசமாக்கலாம். பழைய ஆங்கிலக் கட்டுரையை அப்படியே பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

கோப்பிங் என்பதற்கு "மன அழுத்த மேலாண்மை உத்திகள்" என்று போடுகிறார்கள். படிக்கும்போதே தோள் இறுகுகிறது. சமாளித்தல் என்று ஒரு சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. அது வடக்கிலிருந்து வந்ததுதான், இருக்கட்டும், வந்து வேரூன்றிவிட்டது. உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வந்த தங்கள் நூலில் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள்: சிக்கலையே மாற்றப் பார்ப்பது, சிக்கல் கிளப்பும் உணர்ச்சியைத் தணித்துக்கொள்வது. மாற்ற முடிகிற சிக்கலுக்கு முதல் வழி, மேலதிகாரியிடம் பேசுவது, வேலையைப் பங்கிடுவது, கடனைப் பட்டியல் போடுவது. இழப்பு, தீராத நோய் போன்றவற்றுக்கு இரண்டாவது, நம்பிக்கையானவரிடம் மனம்விட்டுப் பேசுவது, எழுதிப் பார்ப்பது, மூச்சை மெதுவாக விடுவது. எது எதற்கு என்று சொல்லாமல் எல்லாருக்கும் மூச்சுப் பயிற்சியைப் பரிந்துரைப்பது எனக்குப் பொறுப்பாகத் தெரியவில்லை. வேலைப்பளுவே காரணமாக இருக்கும்போது மூச்சுவிடக் கற்றுக்கொடுத்து அனுப்பினால் மறுநாளும் அதே பளு அங்கே காத்திருக்கும்.

கடைசியாக ஹேப்பினஸ். எல்லா இடத்திலும் மகிழ்ச்சி என்று போட்டு முடித்துவிடுகிறார்கள். மகிழ் என்பது பழந்தமிழில் கள்ளையும் அது தரும் களிப்பையும் குறித்த சொல், பொங்கி வந்து அடங்கும் உணர்ச்சிக்கு அது பொருந்தும். ஆராய்ச்சியாளர்கள் நீண்டகால நலம் பற்றிப் பேசும்போது மனநிறைவு என்றுதான் வர வேண்டும். மனிதர்களின் வாழ்க்கையை 1938-இல் தொடங்கி இன்றுவரை பின்தொடர்ந்து வரும் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வு, நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உடல்நலத்தோடும் நிறைவோடும் இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டது. அதை "மகிழ்ச்சிக்கு உறவுகளே காரணம்" என்று பெயர்த்தால், எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருப்பவர்களைப் பற்றிய ஆய்வு என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அந்த ஆய்வில் இருந்தவர்கள் போருக்குப் போனார்கள், வேலை இழந்தார்கள், துணையைப் பறிகொடுத்தார்கள், இறுக்கம் இல்லாத வாழ்க்கை அவர்களில் யாருக்கும் வாய்த்திருக்காது.